மங்கலதேவிக்கு நடந்து போற வழி

ரெண்டாம் போகம் அறுத்து, வைக்கோலையும் கட்டி வித்தாச்சு. இனி ஜூன்ல பெரியாத்துத் தண்ணி திறந்தாத்தான் நாத்தங்காலுக்கு வேலை. எங்க கம்பம் பள்ளத்தாக்குல சித்திரைத் திருவிழாக்கள் இந்த இடைவெளியிலதான் வரும். வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு ஊரே திரண்டு போய் அக்கினிச் சட்டி எடுக்கும். அதைப் பத்தி இன்னொரு நாள் எழுதுறேன். இன்னைக்கு எழுதப்போறது மங்கலதேவி மலையில இருக்கிற கண்ணகி கோயிலைப் பத்தி. வருஷத்துல ஒரே ஒரு நாள், சித்திரை பௌர்ணமி அன்னைக்கு மட்டும் சனங்களை மேல விடுற கோயில்.

இந்த வருஷம் என் தங்கச்சி மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். கம்ப்யூட்டர் வேலை பாக்கிறவன். "குமுளி போய் ஜீப்புல ஏறிரலாம் மாமா, உங்களுக்கு முட்டி வேற வலிக்குது" என்றான். நடந்தே போவோம்னு இழுத்துட்டுப் போனேன். பாதி ஏத்தத்துல மூச்சு வாங்கி ஒரு பாறையில உக்காந்தப்ப கேட்டான்: "மாமா, இது நெசமாவே கண்ணகி கோயில்தானா? இல்ல, பின்னாடி யாராவது கட்டிவிட்ட கதையா?"

"ஏறு மாப்ள, அப்புறம் சொல்றேன்"னு சமாளிச்சிட்டேன். ஏத்தத்துல பேச மூச்சு இல்லைங்கிறது ஒரு காரணம். ஆமான்னோ இல்லைன்னோ ஒத்தை வார்த்தையில முடிக்கிற விஷயமும் இல்ல அது. அவனுக்குச் சொல்ல நினைச்சதைத்தான் இங்க எழுதுறேன்.

இடத்தை முதல்ல சொல்லிடறேன். கூடலூர் தாண்டி குமுளி மலைப்பாதை ஏறுறதுக்கு முன்னாடி லோயர் கேம்ப். அதுக்குப் பக்கத்துல மலையடிவாரத்துல பளியன்குடி. பளியர் சனங்க இருக்கிற சின்னக் குடியிருப்பு. அங்கிருந்து காட்டு வழியா ஆறரை கிலோமீட்டர் போல ஏத்தம். குமுளி வழியா ஜீப்புல போனா 14 கிலோமீட்டர் சொச்சம் வரும். அந்தப் பாதை முழுக்கப் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள்ள போகுது. கோயில் இருக்கிற உச்சி 1,337 மீட்டர் உயரம். மேல போய் நின்னா ஒரு பக்கம் கேரளத்துக் காடு, புல்லு மேடு, மேகம். இன்னொரு பக்கம் நம்ம பள்ளத்தாக்கு, கட்டம் கட்டமா வயலும் தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலும்.

கோயில்னு சொன்னா கோபுரம், பிரகாரம்னு நினைச்சுப் போறவங்க ஏமாந்துதான் நிப்பாங்க. சுண்ணாம்பு வைக்காம கருங்கல்லைக் கல்லு மேல கல்லா அடுக்கிக் கட்டினது. பாண்டிய நாட்டுக் கட்டட முறைன்னு சொல்றாங்க. இப்ப பாதிக்கு மேல இடிஞ்சு கிடக்கு. மதில் கல்லு சரிஞ்சிருக்கு, சன்னதிச் சுவர்ல செடி முளைச்சிருக்கு. தூணு, உத்தரம், படிக்கல்லுன்னு புல்லுக்குள்ள சிதறிக் கிடக்கு. கல்வெட்டு எழுத்தும் இருக்கு. மாப்ள ஒரு கல்லைத் தடவிப் பாத்துட்டு, "இதை ஏன் மாமா இப்படியே விட்டிருக்காங்க?"ன்னான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லணும்னா இளங்கோவடிகள்ல ஆரம்பிச்சு சர்வே கல்லு வரைக்கும் வரணும்.

சிலப்பதிகாரக் கதை எல்லாருக்கும் தெரியும், மதுரை எரியிற வரைக்கும். சினிமாவும் மேடை நாடகமும் அதோட முடிச்சிடும். அதுக்கப்புறம் நடந்ததுதான் எங்களுக்கு வேண்டிய கதை. மதுரை எரிஞ்ச பின்னாடி மதுராபதித் தெய்வம் கண்ணகி முன்னாடி வந்து, இன்னும் 14 நாள்ல உன் புருஷனைப் பார்ப்பன்னு சொல்லிட்டுப் போகுது. கண்ணகி கொற்றவை கோயில் வாசல்ல வளையலை உடைச்சுப் போட்டுட்டு, கிழக்கு வாசல்ல புருஷனோட வந்தவ மேற்கு வாசல்ல தனியா வெளியேறுறா. வைகைக் கரையைப் பிடிச்சுக்கிட்டே நடக்கிறா. ராத்திரி பகல் தெரியல, மேடு பள்ளம் தெரியல. கடைசியில நெடுவேள் குன்றம்னு ஒரு மலை ஏறி, ஒரு வேங்கை மரத்தடியில நிக்கிறா. பதினாலாம் நாள் கோவலன் வானத்து ரதத்துல வந்து கூட்டிட்டுப் போறதை அந்த மலைக் குறவர்கள் கண்ணால பாக்கிறாங்க.

நான் விவசாயி, தமிழ் வாத்தியார் இல்ல. ஆனா ஆத்தை வச்சுக் கணக்குப் போடத் தெரியும். மதுரையிலிருந்து வைகைக் கரையோட மேற்க வந்தா, தேனிப் பக்கம் வந்ததும் ஆறு ரெண்டாப் பிரியும். தெற்க திரும்பினா வருசநாட்டு மலையிலிருந்து வர்ற மூல வைகை. தென்மேற்க பிடிச்சா முல்லையாறு. சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர்னு நேரா மலையடிவாரத்துல கொண்டாந்து விடும். மதுரையிலிருந்து கூடலூருக்கு இன்னைய ரோட்டுக் கணக்குல 130 கிலோமீட்டருக்குள்ளதான். 14 நாள்னா தினமும் பத்து கிலோமீட்டர்கூட ஆகாது. சாப்பாடு தண்ணி இல்லாம, ஒரு மார்பைத் திருகி எறிஞ்ச உடம்போட, துக்கத்துல நடக்கிற பொம்பளைக்கு அது சரியான கணக்காத்தான் படுது. இதை ஆதாரம்னு சொல்ல வரல. 14 நாள்ல வேற பக்கமும் போகலாம்.

அதுலயே பழைய காலத்துலயே சண்டை இருந்திருக்கு. சிலப்பதிகாரத்துக்கு அரும்பதவுரை எழுதினவர் நெடுவேள் குன்றம்னா திருச்செங்கோடுன்னு எழுதினார். பின்னாடி வந்த அடியார்க்குநல்லார் அதை ஒத்துக்கல. கொடுங்கோளூர் பக்கத்துல இருக்கிற செங்குன்றுன்னு எழுதினார். ரெண்டு பேரும் எங்க மலையைச் சொல்லல. கோயில் கட்டினது சேரன் தலைநகரமான வஞ்சியிலதான், மலை மேல இல்லன்னு சொல்றவங்களும் இருக்காங்க. மாப்ள மாதிரி படிச்ச பிள்ளைங்க கேட்டா இதையும் சேர்த்துத்தான் சொல்லணும். மறைச்சு வச்சுட்டு நம்ம கோயில்னு பெருமை பேசினா நாளைக்கு அவனே தேடிப் படிச்சிட்டு வந்து கேப்பான்.

ஆனா நூல்ல ஒரு இடம் இருக்கு. எனக்கு அதைப் படிக்கிறப்பல்லாம் உடம்பு சிலிர்க்கும். சேரன் செங்குட்டுவனுக்குக் கண்ணகி செய்தி எங்க வச்சுக் கிடைக்குது தெரியுமா? அரண்மனையில இல்ல. மலைவளம் பாக்கலாம்னு பொண்டாட்டியோட, பரிவாரத்தோட வந்து பேரியாத்து மணல்ல தங்கியிருக்கான். பேரியாறுதான் இன்னைய பெரியாறு. அங்கதான் குறவர்கள் காணிக்கை சுமந்துட்டு வந்து, "எங்க மலையில வேங்கை மரத்தடியில ஒரு பொண்ணு நின்னா, இப்படி இப்படி நடந்தது"ன்னு சொல்றாங்க. அவங்க கொண்டாந்த காணிக்கைப் பட்டியலைப் பாருங்க: யானைத் தந்தம், அகில், சந்தனம், தேன், ஏலக்கொடி, மிளகுக்கொடி, பலா, மா. இன்னைக்குக் குமுளிச் சந்தையில போய் நின்னா தந்தத்தையும் சந்தனத்தையும் தவிர எல்லாம் கிடைக்கும். ஏலக்காய்க்குத் தேனி மாவட்டத்துச் சனம் இன்னும் தினம் ஜீப்புல மலை ஏறுது. நூல் எழுதினவருக்கு இந்த மலை தெரிஞ்சிருக்கணும்னு எனக்குத் தோணும்.

அந்த மணல்ல வச்சுத்தான் செங்குட்டுவன் பொண்டாட்டிகிட்ட கேக்கிறான்: புருஷன் செத்ததும் உயிரை விட்ட பாண்டியன் தேவி பெரியவளா, நம்ம நாட்டு மலைக்கு வந்த இந்தப் பத்தினி பெரியவளா? பாண்டிமாதேவிக்குச் சொர்க்கம் கிடைக்கட்டும், நம்ம நாடு தேடி வந்தவளை நாம கும்பிடணும்னு அவ சொல்றா. இமயத்துல கல்லெடுத்து, கங்கையில நீராட்டி, கனக விசயர் தலையில ஏத்திக் கொண்டாந்தது அதுக்கப்புறம். இதையெல்லாம் ஆரம்பிச்சு வச்சது ரெண்டு தரப்பு: கண்ணால பாத்ததைச் சொன்ன மலைச்சனம், கும்பிடணும்னு சொன்ன ஒரு பொம்பளை.

கோயில் கும்பாபிஷேகத்துக்கு வந்த ராசாக்கள்ல இலங்கைக் கயவாகு ஒருத்தன். கஜபாகு கி.பி. ரெண்டாம் நூற்றாண்டு ஆளுன்னு சிங்கள வரலாறு சொல்றதை வச்சுத்தான் செங்குட்டுவன் காலத்தையே ஆராய்ச்சிக்காரங்க கணிச்சாங்க. அந்தத் தொடர்பு இன்னைக்கும் அறுந்து போகல. கண்டியில எசல பெரஹராவுல பத்தினி தேவாலயத்து ஊர்வலமும் போகும். முல்லைத்தீவு வற்றாப்பளையில கண்ணகி அம்மனுக்கு வைகாசிப் பொங்கல். மட்டக்களப்புப் பக்கம் ஊருக்கு ஊர் கண்ணகிக்குக் குளிர்த்திச் சடங்கு. கோபத்துல எரிஞ்சவளைக் குளிர வைக்கிறாங்க. நம்ம பக்கத்துல ஒத்தைக் கோயில் இடிஞ்சு கிடக்கு, கடல் தாண்டி அவளுக்கு இத்தனை கோயில். அதை நினைச்சாத்தான் கொஞ்சம் கூச்சமா இருக்கும்.

சரி, இங்க இருக்கிறவங்களுக்கு அவ யாருன்னு தெரிஞ்சிருந்ததா?

எங்க தாத்தா காலத்துல மலைமாடு வச்சிருந்தோம். அறுவடை முடிஞ்சு வெள்ளாமை ஆரம்பிச்சதும் மாட்டை ஊருக்குள்ள வச்சிருக்க முடியாது, மலைக்கு ஓட்டிருவாங்க. அங்கயே கிடை போட்டு மாசக்கணக்குல தங்குவாங்க. அப்பல்லாம் மங்கலதேவிக் கோட்டத்துப் பக்கம் போய்க் கற்பூரம் காட்டிட்டு, மாட்டைப் புலி அடிக்காம பாத்துக்க ஆத்தான்னு கும்பிட்டுட்டு வருவாங்களாம். தாத்தா மங்கலதேவின்னு சொல்லுவார், ஆத்தான்னு சொல்லுவார். கண்ணகின்னு அவர் வாயால நான் கேட்டதே இல்ல. இத்தனைக்கும் கண்ணம்பா நடிச்ச 'கண்ணகி' படம் 1942-ல வந்தப்ப டெண்ட் கொட்டாயில உக்காந்து அழுதவர் அவர். திரையில மதுரையை எரிச்சவளும், தன் மாட்டைக் காப்பாத்துற ஆத்தாளும் ஒருத்திதான்னு அவருக்கு யாரும் சொல்லல.

ஆனா மலைச்சனம் மறக்கல. இடுக்கிப் பக்கம் மன்னான்னு ஒரு மலைக்குடி இருக்காங்க. தாங்க மதுரையிலிருந்து வந்தவங்கன்னு சொல்லிக்குவாங்க; கோழிமலையில அவங்களுக்கு இன்னைக்கும் ஒரு ராசா உண்டு. அவங்க ஆடுற கூத்துல பாடுறது கோவலன் கண்ணகி கதைதான். விடிய விடியப் பாடுவாங்க. புத்தகம் படிச்சுப் பாடுறது இல்ல, வாய்வழியா வந்த பாட்டு. நெடுவேள் குன்றத்துல நடந்ததைப் பாத்துச் சொன்னது குறவர்கள்னு இளங்கோ எழுதுறார். இந்த மலைகள்லயே ஒரு மலைக்குடி அந்தக் கதையை இன்னும் சுமந்துட்டு இருக்கு. அடியார்க்குநல்லார் எங்க மலையைச் சொல்லாதது எனக்குப் பெருசாப் படாததுக்கு இதுதான் காரணம்.

கண்ணகி பேரையும் மங்கலதேவி கோட்டத்தையும் முடிச்சுப் போட்டவர்னு எல்லாரும் சொல்றது கரந்தையிலிருந்து வந்த தமிழ்ப் பேராசிரியர் சி. கோவிந்தராசனாரை. பூம்புகார்ல ஆரம்பிச்சு, நூல்ல கண்ணகி போன வழியைப் பிடிச்சுக்கிட்டே ஊர் ஊரா விசாரிச்சு நடந்த மனுஷன். மதுரைக்கு மேற்க வைகைக் கரையோட வந்து, 1963-ல இந்த மலை ஏறி, இதுதான் கண்ணகி கோட்டம்னு சொன்னார். அது சிலப்பதிகாரத்துக்கு ஒரு காலம். ம.பொ.சி. ஊர் ஊராப் போய்ச் சிலம்பைப் பேசிச் சிலம்புச் செல்வர்னு பேர் வாங்கியிருந்தார். 1964-ல 'பூம்புகார்' படம் வந்தது. 1968-ல உலகத் தமிழ் மாநாட்டுக்கு மெரினாவுல கண்ணகி சிலை வச்சாங்க. அந்தச் சூட்டுல இடத்தைக் கண்டுபிடிச்சிட்டாங்கன்னு குறை சொல்றவங்களும் இருக்காங்க. இருக்கட்டும். மேஜையில உக்காந்து சொல்லல, நடந்து பாத்துச் சொன்னார். விவசாயிக்கு அந்த வித்தியாசம் புரியும்.

எங்க பக்கம் அந்த மலைக்கு வண்ணாத்திப்பாறைன்னு ஒரு பேரு. கண்ணகி விண்ணேறின இடம், விண்ணேற்றிப்பாறை, அதுதான் வண்ணாத்திப்பாறைன்னு மருவிப்போச்சுன்னு விளக்கம் சொல்வாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. பேரை வச்சுக் கட்டுற விளக்கத்துல எனக்குப் பாதி நம்பிக்கைதான்.

இன்னொரு சந்தேகத்தையும் சொல்லிடறேன். மதுரை எரிஞ்சது ஆடி மாசம், தேய்பிறை அட்டமி, வெள்ளிக்கிழமைன்னு நூல் நாளோட சொல்லுது. அதுலிருந்து 14 நாள் எண்ணினா அமாவாசை தாண்டி வளர்பிறையில அரை நிலாதான் வரும். பௌர்ணமியே வராது, சித்திரை எங்க வரும்? சித்திரை பௌர்ணமின்னா நூல்ல புகார்ல இந்திர விழா நாள். கோவலனும் மாதவியும் அந்த விழா முடிவுல கடற்கரைக்குப் போய்ப் பாட்டுப் பாடிப் பிரிஞ்சதுலதான் கதையே திரும்புது. அதை வச்சுத்தான் இங்க திருவிழா வந்துச்சான்னு எனக்குச் சொல்லத் தெரியாது. எனக்குத் தோணுறது சம்சாரி கணக்கு: ஆடியில நாங்க வயல்ல நாத்தும் களையுமா நிப்போம், மலையில சாரலும் அட்டையும். சித்திரையில கை சும்மா இருக்கும், பாதை காஞ்சிருக்கும், நிலா வெளிச்சத்துலயே கருக்கல்ல ஏற ஆரம்பிக்கலாம். சாமி நாளும் வெள்ளாமை நாளைப் பாத்துத்தான் அமையும்.

இப்ப மாப்ள கேட்ட ரெண்டாவது கேள்விக்கு வரேன், ஏன் இப்படியே விட்டிருக்காங்கன்னு.

1886, 1892, 1895. இந்த மூணு வருஷத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா எனக்கு ஆச்சரியமா இருக்கும். 1886 அக்டோபர்ல திருவிதாங்கூர் மகாராசாவுக்கும் வெள்ளைக்கார சர்க்காருக்கும் பெரியாறு ஒப்பந்தம். 999 வருஷக் குத்தகை, 8,000 ஏக்கர், ஏக்கருக்கு அஞ்சு ரூபாய், வருஷம் 40,000 ரூபாய். 1892-ல உ.வே.சாமிநாதையர் ஓலைச்சுவடி தேடித் தேடிச் சிலப்பதிகாரத்தை அச்சுல கொண்டாந்தார். 1895-ல பென்னிகுயிக் கட்டின அணை திறந்து, மேற்க போன பெரியாத்துத் தண்ணி மலையைக் குடைஞ்ச சுரங்கம் வழியா நம்ம பக்கம் திரும்புச்சு. பத்து வருஷத்துக்குள்ள தண்ணிக்குப் பத்திரம் வந்துச்சு, கதைக்குப் புத்தகம் வந்துச்சு. மலை மேல இருக்கிற கோயிலுக்கு யாரும் ஒரு காகிதமும் எழுதல. எழுதணும்னு யாருக்கும் தோணியிருக்காது. மாடு மேய்க்கிறவன் கற்பூரம் காட்டுறதுக்கு எதுக்குக் காகிதம்?

அந்தத் தண்ணியிலதான் கம்பம் பள்ளத்தாக்குல 14,707 ஏக்கர் ரெண்டு போகம் விளையுது. நானும் அதுல ஒருத்தன். பத்திரத்தோட அருமை எங்களுக்குத் தெரியும். அணையில எத்தனை அடி தேக்கலாம்னு எத்தனை வருஷம் கோர்ட்டு ஏறி இறங்கினோம், அந்தப் பத்திரம் இல்லாட்டி என்ன ஆகியிருக்கும்!

1956-ல மொழிவழி மாநிலம் பிரிச்சப்ப தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோட போச்சு. எல்லைக்கோடு பழையபடி மலை முகட்டுலயே நின்னுச்சு. மங்கலதேவி அந்த முகட்டுலதான் இருக்கா. கோடு கோயிலுக்கு இந்தப் பக்கம் போகுதா அந்தப் பக்கம் போகுதாங்கிறதுல ரெண்டு மாநிலத்துக்கும் ஒத்துப்போகல. 1817-ல கம்பெனி எடுத்த சர்வேயிலயே கோயில் எங்க பக்கம்தான்னு தமிழ்நாடு சொல்லும். புலிகள் காப்பகத்துக்குள்ள வர்ற இடம், எங்க காடுன்னு கேரளா சொல்லும். ஒருத்தர் கல்லைத் தொட்டா இன்னொருத்தர் கேள்வி கேக்கணும். சீரமைக்கிற பேச்சு எழும், வழக்கு நடக்கும், அடுத்த மழையில இன்னும் ரெண்டு கல்லு சரியும்.

அதனாலதான் இப்ப இருக்கிற ஏற்பாடு. ஒவ்வொரு வருஷமும் சித்திரைக்கு முன்னாடி தேனி, இடுக்கி ரெண்டு மாவட்ட அதிகாரிகளும் உக்காந்து பேசுவாங்க. ஒரு நாள் அனுமதி. காலையில ஏறி, பொழுது சாயறதுக்குள்ள இறங்கிறணும். பிளாஸ்டிக் கூடாது. ரெண்டு மாநிலப் போலீசும் காட்டு இலாகாவும் வழி நெடுக நிக்கும். மேல ஒரு சன்னதியில தமிழ்நாட்டு முறையில பூசை, இன்னொரு சன்னதியில கேரள முறையில பூசை. பக்கத்துல பக்கத்துல நடக்கும். கும்பிடுற சனத்துக்கு அந்த வித்தியாசம் இல்ல. தமிழ் பேசுறவங்க மலையாள பூசாரிகிட்ட பிரசாதம் வாங்குறாங்க. மலையாளத்து அம்மாக்கள் இங்க வந்து மங்கல நாணும் வளையலும் வாங்கிட்டுப் போறாங்க. வளையலை உடைச்சுப் போட்டுட்டு மலை ஏறினவ வாசல்ல, சுமங்கலிகளுக்குப் புது வளையல். எங்கம்மா போன வருஷம் வரைக்கும் ஏறுனாங்க. இந்த வருஷம் முடியல, "எனக்கு நாலு பச்சை வளையல் மட்டும் வாங்கிட்டு வந்துர்றா"ன்னு சொல்லி அனுப்புனாங்க.

காட்டுக்காரங்க மேல எனக்குக் கோபம் இல்லைங்கிறதையும் சொல்லணும். யானை நடமாடுற காடு அது. ஒரு நாள்ல ஆயிரக்கணக்குல ஏறுற சனம் தினம் ஏறினா அந்தப் புல்லு மேடு என்ன ஆகும்னு எனக்கும் தெரியும். அந்தக் காடு இருந்தாத்தான் பெரியாத்துல தண்ணி, தண்ணி இருந்தாத்தான் எனக்கு நெல்லு. வருஷத்துக்கு ஒரு நாள்ங்கிறதை ஏத்துக்கிட்டுத்தான் ஏறுறேன். ஆனா இடிஞ்சு விழுற கல்லைத் தூக்கி நிறுத்துறதுனால எந்த யானைக்கும் குறைஞ்சிடாது. அதை ரெண்டு சர்க்காரும் சேந்தே செய்யலாம். பூசை ரெண்டு முறையிலயும் ஒண்ணா நடக்கிறப்ப கொத்தனார் வேலை நடக்காதா?

என் கவலை வேற. நான் சின்னப் பையனா இருந்தப்ப பளியன்குடி வழியில சித்திரை பௌர்ணமிக்கு எறும்பு மாதிரி வரிசை போகும். கட்டுச்சோறு, புளியோதரை வாசனை, பாட்டு. இந்த வருஷம் நானும் மாப்ளையும் ஏறுறப்ப கூட்டம் இருந்துச்சு, ஆனா பாதிக்கு மேல என் வயசுக்காரங்க. இளவட்டம் எல்லாம் குமுளியில ஜீப்புக்கு வரிசையில நிக்குது. குத்தம் சொல்லல, வேலைக்குப் போறவன் ஒரு நாள் லீவுல வர்றான். ஆனா ஜீப் பாதை முழுக்க அடுத்த மாநிலத்துல ஆரம்பிச்சு அங்கயே ஏறுறது. இந்தப் பக்கத்திலிருந்து ஏற இருக்கிற வழி பளியன்குடிப் பாதை ஒண்ணுதான். வண்டிப்பாதையில நாலு வருஷம் வண்டி ஓட்டாம விட்டா பக்கத்துத் தோட்டத்துக்காரன் வேலியை நகத்திருவான், அப்புறம் பட்டாவைக் காட்டினாலும் மணியக்காரரே கையை விரிப்பார். எங்க ஊர்ல அப்படிப் போன பாதையை நான் ரெண்டு காட்டுவேன். கோயிலுக்குக் காகிதம் இல்ல. தாத்தா காலத்து மாட்டுக் குளம்பும், நம்ம சனத்தோட காலடியும்தான் இதுவரைக்கும் அதுக்குப் பத்திரம்.

மாப்ளகிட்ட இதெல்லாம் இறங்குறப்ப சொன்னேன். அவன் பதில் சொல்லல. பளியன்குடிக்கு வந்து சேந்ததும் ஷூவைக் கழட்டிப் பாத்தான், ரெண்டு குதிகால்லயும் கொப்புளம். பளியர் வீட்டு வாசல்ல ஒரு அம்மா ரெண்டு பேருக்கும் தண்ணி கொடுத்தாங்க. குடிச்சிட்டு, "அடுத்த வருஷம் லீவு எந்தத் தேதின்னு முன்னாடியே சொல்லிடுங்க மாமா"ன்னான்.

வர நினைக்கிறவங்களுக்கு: தேதி பஞ்சாங்கத்துல இருக்கும், அனுமதி நேரம் பேப்பர்ல வரும். விடியறதுக்கு முன்னாடி பளியன்குடி வந்துருங்க, வெயில் ஏறினா அந்தப் புல்லு மேட்டுல நிழல் கிடையாது. தண்ணியைச் சில்வர் தூக்குலயோ பாத்திரத்துலயோ கொண்டாங்க, பிளாஸ்டிக் பாட்டிலை வாங்கி வச்சுக்குவாங்க. அட்டை இருக்காது, அந்தப் பயம் வேண்டாம். என் முட்டி ஒத்துழைச்சா நானும் அங்கதான் நிப்பேன். அம்மாவுக்கு வளையல் வாங்கணும்.